கலியம்மாள் சாப்பிட வந்த வீடு

இறந்து நூற்றைம்பது வருடம் ஆகியிருந்த கலியம்மாள், 1999 ஆவணியில் ஒரு மதியம், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிந்தாமணியின் வீட்டுக்கு வந்து சோறு இருக்கிறதா என்று கேட்டாள். சேலை நனைந்திருந்தது. வெளியில் சொட்டு மழை இல்லை. முந்திரிக்கொட்டை விலை சரிந்திருந்த வருடம் அது. இருந்தாலும் ஒரு ஆளுக்குக் கூடுதலாக உலை வைப்பது அந்த வீட்டுக்குப் பாரமில்லை. சிந்தாமணி இலை போட்டாள்.

சிந்தாமணி சரித்திர நாவல் எழுதுகிறவள். புருஷன் வீரமுத்துவின் முன்னோர் முள்காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கிய கதையை நாலு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். மீன்சுருட்டி வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு வருவாள். குழம்பு கொதிக்கும் நேரத்தில் நாலு வரி, மகள் இலக்கியா பள்ளிக்கூடம் போனபின் ரெண்டு பக்கம். முதலில் குடியேறிய இளையபெருமாள் வெட்டிய கிணற்றால்தான் ஊர் பிழைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் பெண்சாதி கலியம்மாளைப் பாம்பு கடித்ததாம். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். நாவல் அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சிந்தாமணி அதைக் கேட்டாள்.

"பாம்பெல்லாம் கடிக்கல ஆயி," என்றாள் கலியம்மாள். "கெணறு காவு கேக்குதுன்னு குறி சொன்னாங்க. மண்ணு அள்ளிவுட எறங்குன்னாரு. எறங்குனேன். கயித்த மேல இழுத்துக்கிட்டாரு."

வீரமுத்து கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். இதை எழுதாதே என்று பிறகு கெஞ்சினான். "பொண்ணக் கட்டிக்குடுக்கணும் சிந்தா." அவளுக்கும் பயம்தான். ஆனால் அங்கேயே தங்கிவிட்ட, படிக்கத் தெரியாத கலியம்மாள் தினமும் எதிரில் உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதாமல் எப்படி எழுந்திருப்பது? அந்த மாதங்களில் புருஷனும் பெண்சாதியும் இலக்கியா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

தையில் விஷயம் வீரமுத்துவின் அண்ணன் நல்லதம்பிக்கு எட்டியது. பங்காளிகளோடும் மண்ணெண்ணெய் டின்னோடும் வாசலுக்கு வந்து நின்றார்.

"டேய், நம்ம வம்சத்த ஆரம்பிச்ச மனுசன உம் பொண்டாட்டி கொலகாரன்னு எழுதுறாளாமே! அந்தக் காகிதத்த எடுத்தாடா. கொளுத்திட்டுப் போறோம்."

வீரமுத்து வாசற்படியில் நின்றான். விலகவும் இல்லை, பேசவும் இல்லை. யார் பக்கம் நிற்கிறான் என்று உள்ளே தாள்கட்டை நெஞ்சோடு அணைத்திருந்த சிந்தாமணிக்குத் தெரியவில்லை. ஒரு பங்காளி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். வீரமுத்து அசையவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கலியம்மாள் அவனைத் தாண்டி வெளியே வந்தாள். நல்லதம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மேல தூளியில எம்புள்ள கெடந்தான். பால் குடுக்காம எறங்கிட்டேன். அழுவுற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு, அப்பறம் கேக்கல. பொழச்சானா?"

நல்லதம்பி டின்னைக் கீழே வைத்தார்.

"பொழச்சாருங்க," என்றார். "நாங்கெல்லாம் அவரு வழிதான்."

கலியம்மாள் ஒவ்வொரு பங்காளியின் முகத்தையும் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கன்னமெல்லாம் ஈரமாயின.

நாவல் அடுத்த வருடம் வெளிவந்தது. நல்லதம்பி அதைப் படிக்கவில்லை. சிந்தாமணியின் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அரியலூர் தனி மாவட்டமானது, பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. அதற்குள் இலக்கியாவுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. தை பிறந்தால் அண்ணன் வீடு, சித்திரைக்குத் தம்பி வீடு என்று கலியம்மாளுக்கு ஏற்பாடு. நல்லதம்பியே டிவிஎஸ் ஃபிஃப்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், "கெட்டியா புடிச்சுக்குங்க ஆத்தா," என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.