திவசத்தன்று வந்த கோழி

காக்ஸ் டவுனில் வீடு பிடித்தபோது, ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம் என்ற ஒரே சந்தோஷத்தில் வைத்தீஸ்வரன் அக்கம்பக்கம் எதையும் விசாரிக்கவில்லை. குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க மாமிசம் வதங்கியது. அவர் மனைவி ஜகதாம்பாள் மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். போகப் போக மூக்கு பழகிவிட்டது. பகல்தான் பழகவில்லை. கணவர் ராணுவக் கணக்கு ஆபீசுக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை பேச ஒரு ஜீவன் கிடையாது. பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் தங்கமான பெண். ஆனால் பள்ளிக்கூடத்து டீச்சர், பகலில் வீட்டில் இருக்க மாட்டாள்.

பியாட்ரிஸ் இல்லாத பகலில் பியாட்ரிஸின் கோழி வந்தது.

நல்ல செவலைப் பெட்டை. கொல்லைச் சுவரைத் தாண்டி, சமையலறையை எட்டிப் பார்த்து, ஏதோ வாடகை கொடுத்தவள் மாதிரிக் கூடத்துக்குள் நடந்துவந்தது. ஜகதாம்பாள் துடைப்பத்தை எடுத்தாள். மறுபடி வந்தபோது துடைப்பத்தை எடுக்கச் சோம்பலாக இருந்தது, வாயால் விரட்டினாள். அதற்கப்புறம் ஒருநாள், "ஏண்டி இன்னிக்கு இவ்வளவு நாழி?" என்று தானே கேட்டுவிட்டு, யார் காதிலாவது விழுந்ததோ என்று வாசலைப் பார்த்தாள்.

கோழிக்குப் பிடித்த இடம் தையல் மிஷினின் மிதிபலகை. அது அங்கே ஏறி உட்கார்ந்தால் மிஷின் ஓட்ட முடியாது. தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்தன. ஜகதாம்பாள் கவலைப்படவில்லை. தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் அதனிடம் சொன்னாள். கோழி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும். மனுஷர்களைப் போல நடுவில் புகுந்து புத்தி சொல்லாது. சாயங்காலம் ஆனதும் அதை வெளியே அனுப்பிவிட்டு, சாணி கரைத்துக் கூடத்தை மெழுகி, ஒன்றுமே நடக்காதது போலக் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்.

வைத்தீஸ்வரனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் தலைப்பாகையிலிருந்து ஒருநாள் ஆபீசில் துரைக்கு முன்னால் செவலை இறகு ஒன்று விழுந்தது. வீட்டுக்கு வந்து மூச்சுவிடவில்லை. மனைவியின் முகத்தில் சிரிப்பு வந்திருக்கிறது, அதைக் கிளறிக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

ஒரு மாலை பியாட்ரிஸ் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"எங்க கோழி எப்படி கொழுத்துடுச்சு பாத்தீங்களா மாமி? நாளைக்குக் கோயில்ல கொடி ஏறுது. மாதா ஃபீஸ்ட் வரைக்கும் எங்க வீட்ல கவுச்சியே கிடையாது. ஃபீஸ்ட் அன்னிக்கு இதுதான் பிரியாணி. ஓஸ்வால்டோட அண்ணன் குடும்பமே வருது."

ஓஸ்வால்ட் அவள் புருஷன். கோழி கொழுத்தது யாருடைய கைங்கரியம்? மத்தியானம் மிஞ்சிய தயிர்சாதம் அத்தனையும் அதற்குத்தானே போயிற்று! தன் கையாலேயே பிரியாணிக்குத் தயார்படுத்திவிட்டோமே என்று ஜகதாம்பாளுக்கு அழுகை வந்தது. கேட்டு வாங்கிவிடலாம் என்றால், பிராமணாத்து மாமி கோழி கேட்டாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் மல்லேஸ்வரம் போய்ச் சேர்ந்துவிடும். மல்லேஸ்வரத்தில்தான் கணவரின் அண்ணா அனந்தபத்மநாபன் இருந்தார். வீட்டுக்குள் பூனை குறுக்கே போனாலும் மறுபடி குளிக்கிற ஆசாமி.

போதாக்குறைக்கு அந்த வருஷம் மாமனாரின் திதியும் மாதா பண்டிகையும் ஒரே நாளில் வந்தன. மல்லேஸ்வரத்து வீட்டில் ஓடு பிரித்து மராமத்து நடந்ததால், திவசம் காக்ஸ் டவுனில் என்று முடிவாயிற்று.

அன்று விடிகிற நேரம். பியாட்ரிஸ் வீட்டில் எல்லோரும் முதல் பூசைக்குப் போயிருந்தார்கள். ஜகதாம்பாள் இன்னும் குளிக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் வாசற்படியில் கோழி நிற்கிறது. அவள் யோசிக்கவில்லை. வாரி எடுத்து, விறகு அறையில் விட்டு, பெரிய கூடையைக் கவிழ்த்து, கதவைச் சாத்தினாள். "சத்தம் போட்டா நீயும் போச்சு, நானும் போச்சு, தெரிஞ்சுக்கோடி" என்று சொல்லிவிட்டுத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு மடியாக வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அண்ணாவும் மன்னி ருக்குவும் வந்தார்கள். சாஸ்திரிகள் வந்தார். ஹோமப்புகை எழும்பிய நேரத்தில் பியாட்ரிஸ் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"மாமி, எங்க கோழிய காணோம். ஒரே பேஜாரா இருக்குது. இந்தப் பக்கம் வந்துச்சா?"

திவசத்தன்று பொய் சொல்லக் கூடாது. "கிட்ட வராதேம்மா, மடி" என்றாள் ஜகதாம்பாள். "இன்னிக்கு எங்காத்துல தெவசம்."

"ஐயோ, சாரி மாமி" என்று பியாட்ரிஸ் பின்வாங்கினாள். ஜகதாம்பாளுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிராமணர்கள் சாப்பிட்டாயிற்று. எள்ளுசாதப் பிண்டத்தை இலையில் வைத்துக் கொல்லையில் காக்கைக்குப் போட்டார்கள். காக்கை எடுத்தால்தான் போனவருக்குத் திருப்தி என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்கள் சாப்பிடலாம்.

காக்கை வரவில்லை.

"கா... கா..." என்று ஈர வேஷ்டியோடு அனந்தபத்மநாபன் கூப்பிட்டார். வைத்தீஸ்வரனும் சேர்ந்து கூப்பிட்டார். காக்கைகள் வானத்தில் இருக்கவே இருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. கொடி ஏறிய நாளிலிருந்து காக்ஸ் டவுன் காக்கைகளும் பட்டினி. இன்றைக்கு ஒவ்வொரு கொல்லையிலும் எலும்பு விழுகிறது. எள்ளுசாதத்தை யார் சீந்துவார்கள்?

இது அனந்தபத்மநாபனுக்குத் தெரியாது. முதல்நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தவருக்குக் குரல் கம்மிப்போயிற்று. "அப்பாவுக்கு என்னடா குறை வெச்சோம்? ஏன் வரமாட்டேங்கறார்?"

ஜகதாம்பாளுக்கோ காரணம் விறகு அறையில் இருப்பதாகவே பட்டது. கோழியை ஒளித்துவைத்துக்கொண்டு திவசம் பண்ணினால் பித்ரு எந்த முகத்தோடு வருவார்? அவள் உண்மையாகவே பயந்தாள். ஆனாலும் அதை வெளியே விட மனசு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மியில் மசாலா அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறிப்போன ரசத்தைச் சுடவைக்கலாம் என்று ருக்கு எழுந்து விறகு எடுக்கப் போய், கவிழ்ந்திருந்த கூடையைத் தூக்கினாள். அடுத்த நிமிஷம் "ஐயையோ!" என்று ஒரு அலறல். கோழி வெளியே வந்தது. ஓடவில்லை, பறக்கவில்லை. அத்தனை பேர் நிற்பதையும் சட்டை பண்ணாமல் நேரே இலைக்குப் போய்ப் பிண்டத்தைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. அதற்கும் காலையிலிருந்து பட்டினிதான்.

"கதவு சாத்தின ரூமுக்குள்ள கோழி எப்படி வந்தது?" என்று அனந்தபத்மநாபன் கத்தினார். வைத்தீஸ்வரன் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

மூத்தவர் முன்னால் ஜகதாம்பாள் இதுவரை வாய் திறந்ததில்லை. இப்போது திறந்தாள்.

"எப்படி வந்தா என்ன? வந்து சாப்டாச்சு. அப்பாவுக்கு என்னிக்குப் பசி தாங்கியிருக்கு?"

அது பொய்யில்லை. கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்பே முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிற மனுஷர் அவர். அனந்தபத்மநாபன் கோழியைப் பார்த்தார். கோழி தின்பதை நிறுத்தி, தலையைச் சாய்த்து, அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாரே, அதே மாதிரி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. அவருடைய தோள்துண்டு மெல்ல இறங்கி இடுப்புக்கு வந்தது.

"பட்சி எடுத்தாச்சு. நீங்க சாப்பிடலாம்" என்றார் சாஸ்திரிகள். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது.

அப்போது சுவருக்கு மேலே பியாட்ரிஸின் தலை தெரிந்தது. "அதோ எங்க கோழி! மாமி, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க, அரிசிகூட ஊற வெச்சுட்டேன்!"

"தொடாதே!" என்று அனந்தபத்மநாபன் இரண்டு கையையும் விரித்து இலைக்கு முன்னால் நின்றார். "அவர் எங்கப்பா!"

பியாட்ரிஸ் அவரைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். பின்னால் கண் நிறையத் தண்ணீரோடு நின்ற ஜகதாம்பாளைப் பார்த்தாள். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார், மன்னிச்சுக்குங்க" என்றவள், வீட்டுப்பக்கம் திரும்பி, "ஓஸ்வால்ட்! ரசல் மார்க்கெட்டுக்கு ஓடுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

மார்க்கெட்டிலிருந்து வேறு கோழி வந்தது. அதைப் பற்றி ஜகதாம்பாள் விசாரிக்கவில்லை. எல்லாக் கோழிகளும் மாமனார் ஆகிவிட முடியுமா?

சாப்பாடு நடந்தது. கோழி தன் வழக்கப்படி கூடத்துக்குள் வந்து இலைகளுக்கு நடுவே உலாவ, "அங்கே போகாதேடி!" என்று ஜகதாம்பாள் பழக்கதோஷத்தில் அதட்டிவிட்டாள்.

அனந்தபத்மநாபனின் கவளம் பாதி வழியில் நின்றது. "அப்பாவையா டீ போட்டுப் பேசறே?"

"அங்கே போகாதேங்கோ" என்று திருத்தினாள். வைத்தீஸ்வரனுக்குப் புரையேறியது.

கிளம்புகிற நேரத்தில்தான் வினை வந்தது. ஜட்கா வாசலில் நின்றது. அனந்தபத்மநாபன் விறகு அறைக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அப்பாவை நான் அழைச்சுண்டு போறேன். பெத்தவர் மூத்த பிள்ளையாத்துல இருக்கறதுதான் முறை."

பிரியாணியிலிருந்து காப்பாற்றியது இதற்குத்தானா? நாளைப் பகலில் யாரிடம் பேசுவது? பயம் போய் ஜகதாம்பாளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்த கோபம்.

"அவர் படுத்த படுக்கையா கிடந்தப்போ நான்தான் பிசைஞ்சு ஊட்டினேன்" என்றாள். "சாகற வரைக்கும் எங்களோடதான் இருந்தார். 'அனந்து வந்தானா'ன்னு தினமும் கேப்பார். அப்போ யாரும் கூடை எடுத்துண்டு வரலை."

ருக்கு தரையைப் பார்த்தாள். அனந்தபத்மநாபன் கூடையைக் கீழே வைத்தார். கோழி தையல் மிஷினின் மிதிபலகையில் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

"மாசத்துக்கு ஒருநாள் வந்து பாத்துட்டுப் போகட்டுமா, ஜகதா?"

மாமனார் உயிரோடு இருந்தபோது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அதையும் சொல்லிவிடலாமா என்று ஜகதாம்பாளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"தாராளமா வாங்கோ" என்றாள். "வரச்சே கொஞ்சம் கம்பு வாங்கிண்டு வாங்கோ. தயிர்சாதமாவே சாப்பிட்டு அலுத்துப்போயிருப்பார்."