பெயர் ஒட்டிய குழாய்கள்

ரத்தம் எடுக்க ஊசியைக் குத்தப்போகும் நேரத்தில்தான் கையிலிருந்த சோதனைக் குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள் அந்த நர்ஸ். கட்டிலில் படுத்திருந்தவர் தையல்காரம்மா. குழாயிலோ பக்கத்துக் கட்டில் டீச்சரின் பெயர். அப்படியென்றால் சற்றுமுன் டீச்சரிடம் எடுத்த ரத்தம், தையல்காரம்மாவின் பெயரோடு ரத்த வங்கிக்குப் போய்விட்டது. தையல்காரம்மாவுக்கு மதியம் ஆபரேஷன்; அந்தக் குழாயைப் பார்த்துத்தான் அவருக்கு ஏற்றும் ரத்தத்தை எடுத்து வைப்பார்கள்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காலையிலேயே காலிக் குழாய்களில் பெயர்ச்சீட்டுகளை ஒட்டி வைத்திருந்தாள். அப்படிச் செய்யவே கூடாது. போன மாதம் இதற்காகத்தான் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"என்னம்மா, ஊசியைப் பாத்து நீயே பயப்படறே?" என்று சிரித்தார் தையல்காரம்மா.

"இதோ வந்துடறேன்மா" என்று வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வகை ரத்தமாக இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததுமே போனை வெளியே எடுத்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள். ஒருமுறை ஒரு குழந்தையை வழியில் விட்டுவிட்டு வந்து, அத்தனை பெற்றோர் முன்னாலும் "நான்தான் எண்ணாம விட்டுட்டேன்" என்று சொன்னவள்.

"அம்மா, அன்னிக்கு உனக்குப் பயமா இல்லையா?"

"பயமா? காலு ரெண்டும் தந்தியடிச்சுது. கடவுளே, பேச்சு மட்டும் வரட்டும்னு வேண்டிக்கிட்டேன். ஏன்டி, என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்மா."

முன்பொருமுறை தங்கள் தெருவில் குடிதண்ணீர் கெட்டுப்போனபோது, வார்டு கவுன்சிலரம்மா தெருமுனையில் நின்று, "தொட்டியைச் சுத்தம் பண்ணச் சொல்லாதது என் தப்பு, யாரும் குடிக்காதீங்க" என்றதை அவள் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறாள். கூடியிருந்தவர்கள் ஏசினார்கள். அந்தம்மா கையில் மைக் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

தலைமை நர்ஸின் மேஜை முன் போய் நின்றாள்.

"சிஸ்டர், கீழ ரத்த வங்கிக்குப் போன ரத்தத்தை நிறுத்துங்க. பேரு மாறிப்போச்சு. நான்தான் முன்னாடியே ஒட்டிட்டேன்."

தலைமை நர்ஸ் போனை எடுத்து ரத்த வங்கியின் எண்களை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உன்னைப் பத்தி அப்புறம் பேசறேன். போ, ரெண்டு பேருக்கும் புதுசா எடு. பக்கத்துல நின்னு பேரைக் கேட்டு ஒட்டு."

டீச்சரிடம் போய், தான் செய்த தவறைச் சொன்னாள். டீச்சர், முன்பு ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை மெல்லப் பிரித்துவிட்டு, "இந்தக் கை வலிக்குதும்மா" என்று மறு கையை நீட்டினார்.