சர்வர் மறுபடி படிக்காத பட்டியல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை.

காலை எட்டு மணிக்குக் கோப்பியை மேசையில் வைத்த கையோடு, திரையில் பச்சை எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார் தங்கராஜு. இருந்தால்தான் முதல் மிடறு. ஆறாண்டுப் பழக்கம். வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணினிச் சர்வர் அவர் பொறுப்பு.

2

(‘ஒரு காட்டில் வாயில் காத்த கரடி ஒன்று…’ என்றுதான் தொடங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். கரடிக்குப் பதவி கிடையாது. பொய் சொல்லவேண்டிய அவசியமும் கிடையாது.)

3

ஒவ்வொரு தாதியின் டேப்லட்டிலும் ஒரு மின்னணுச் சான்றிதழ் உண்டு. அதைச் சரிபார்த்த பிறகே நோயாளிகளின் விவரங்களைச் சர்வர் திறக்கும். டேப்லட் தொலைந்தால் அதன் சான்றிதழ் ரத்துப் பட்டியலில் சேரும். புதிய பட்டியல் நாள்தோறும் தானாக வந்திறங்கத் தங்கராஜு நிரல் எழுதியிருந்தார். இறங்கியதும் பச்சை எழுத்து.

தாதி மங்களம் உட்லண்ட்ஸ் பேருந்தில் டேப்லட்டைத் தவறவிட்டார். பத்தே நிமிடத்தில் தங்கராஜுவை அழைத்துச் சொன்னார். அவரும் அன்றே சான்றிதழை ரத்து செய்தார். இருந்தும் நான்காம் நாள், பூட்டு எண்ணைக் கண்டுபிடித்த யாரோ அதே டேப்லட்டில் எழுபது நோயாளிகளின் விவரங்களைப் பார்த்துவிட்டார்கள்.

தேடியபோது தங்கராஜுவுக்குப் புரிந்தது. பட்டியல் வந்து கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வரோ, தொடங்கிய நாளில் படித்த பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருந்தது. மறுபடி படிக்கச் சொல்லும் ஒற்றை வரியை அவர் எழுதவில்லை.

காலைக் கூட்டத்தில், நாற்பது தாதியர் முன்னால், மேலாளர் சந்திரமதி கேட்டார்: “மங்களம் உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?”

“போன் பண்ணாங்க மேடம். டேப்லட் தொலைஞ்சதுன்னு சொல்லல லா.”

மங்களத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் அன்றே சொன்னதற்குச் சான்றாக, ரத்து செய்த தேதி சர்வர் பதிவில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே தங்கராஜு ஒருவர்தான்.

4

‘அவர் நல்லவர், பயத்தில்…’

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். வரி விட்டுப்போனது பிழை, அதை மன்னிக்கலாம். அந்தப் பதில் பிழையன்று.)

5

ஒன்பதாம் நாள் தங்கராஜுவைப் புக்கிட் பாஞ்சாங்கில் மங்களத்தின் வீட்டுக்கு அனுப்பினேன். மங்களம் இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

“தப்பு என்னோடது மங்களம். சாரி.”

“எனக்குத்தான் தெரியுமே அண்ணே! தெரிஞ்சவகிட்ட வந்து சொன்னா அது என்ன சாரி? நாப்பது பேர் முன்னாடி பொய்யி, மன்னிப்பு மட்டும் காரிடார்லயா? போங்க.”

6

(முடிவு ஒன்று: சந்திரமதி மங்களத்தின் வீட்டுக்குப் பழங்கூடையோடு வருகிறார். வேண்டாம். முடிவு இரண்டு: மங்களம் வேறு வேலை தேடிக்கொள்கிறார். அவர் ஏன் தேடவேண்டும்?)

எழுத முடிந்தது இவ்வளவே. மறுநாள் காலைக் கூட்டத்தில் தங்கராஜு எழுந்தார்.

“மங்களம் அன்னைக்கே, பத்து நிமிஷத்துல சொல்லிட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன். சர்வர்ல ஒரு வரிய விட்டது என் தப்பு. ரத்து செஞ்ச தேதி இதோ, படிக்கிறேன்.”

படித்தார். யாரும் அசையவில்லை. மங்களத்தை நிறுத்தியபோதும் அந்த நாற்பது பேர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் யார், என்ன சொன்னார்? நான் எழுதப்போவதில்லை. அந்த அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். எழுந்து சொல்லுங்கள்.