தொத்தாத முகம்

தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையின் டிஸ்பென்சர் ஜெயரட்ணம் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி, தொழிலாளர் குடியிருக்கும் மேற்கணக்கு லயங்களுக்கு எட்டிய அன்றே யசோதினி முடிவுகட்டிவிட்டாள். அந்த மனுஷன் மாலையும் மரியாதையுமாகத் தோட்டத்தைவிட்டு இறங்கக்கூடாது. இறங்கினாலும், கேசினிக்கு எழுதிய துண்டுச் சீட்டைத் தன் கையாலேயே மாற்றி எழுதிவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

கேசினி அவளுடைய அக்கா பாக்கியலெட்சுமியின் மகள். மூன்று வயது. தை மாதக் காற்று தெமோதரைப் பக்கமிருந்து ஏறி வந்தால் போதும், பிள்ளையின் இரண்டு கன்னமும் சிவந்து, வறண்டு வெடித்து, நீர் கசியத் தொடங்கிவிடும். அந்த வருஷம் அப்படி வெடித்தபோது ஜெயரட்ணம் எட்டி நின்று பார்த்துவிட்டு, 'தொத்து வியாதி. பிள்ளைக் காம்பராவில் எடுக்கக்கூடாது' என்று துண்டு எழுதிக் கொடுத்தார். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அந்தக் காம்பராதான். அதன் கதவைச் சாத்தினால் தாய்க்கு வேலையும் இல்லை. இரண்டு மாதமாகப் பாக்கியலெட்சுமி மலைக்குப் போகவில்லை. சித்திரைக்குள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார்.

யசோதினி அந்தத் தோட்டத்தின் முதல் பட்டதாரி. பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். அவளுக்கும் அதே தோல், அதே கன்னம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போய்த் தோல் டொக்டர் ஜெனீராவிடம் காட்டினாள். அந்த அம்மா பிள்ளையைத் தன் மடியிலேயே உட்காரவைத்து, கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'இது எக்ஸிமா, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது' என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். களிம்பு போட்டு மூன்று கிழமையில் வெடிப்பு மூடிவிட்டது. வறட்சி மட்டும் மிச்சம். கடிதத்தைத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கொண்டுபோனால் மருந்து விஷயம் டிஸ்பென்சரின் பொறுப்பு என்றார். டிஸ்பென்சரோ அதைக் கையால் தொடவேயில்லை.

"பதுளை டொக்டர் பதுளைக்கு. இந்தத் தோட்டத்துக்கு நான்தான். எழுதினது எழுதினதுதான்."

"ஒட்டாதுங்க ஐயா. எனக்குச் சின்னதுலருந்து இருக்கு. எங்க அக்காவுக்கு ஒட்டுச்சா? ஒரே பாயிலதான படுத்தோம்."

"என்ன பிள்ளை, கம்பஸுக்குப் போட்டு வந்து எனக்குப் படிப்பிக்கிறியோ? நான் முப்பத்தொரு வருசமாச் சிரங்கு பாக்கிறன்."

சொல்லிக்கொண்டே பென்சில் நுனியால் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். யசோதினி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். எண்பத்தொன்பதில், அவளுக்குப் பதினொரு வயது. இதே மேசைக்கு முன்னால் இப்படி ஒரு பென்சிலால்தான் அவளுடைய நாடியை உயர்த்திப் பார்த்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, முகம் முழுக்க ஊதா மருந்தைப் பூசி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, "இவளிட்டக் கிட்டப் போகாதேங்கோ" என்றார். அந்தப் பள்ளித் தவணை முழுக்க அவள் பள்ளிக்கூட விறாந்தையில் தனியாக உட்கார்ந்து படித்தாள். ஊதாச்சி என்ற பேர் போக ஆறு வருஷமாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சங்கத் தலைவர் ரெங்கசாமி வீட்டுக்கு வந்தார்.

"ஐயாவுக்கு வர்ற சனிக்கிழம பிரியாவிட. வாழ்த்து மடல் ஒன்னு வாசிக்கணும். தோட்டத்துல எழுதப் படிச்ச புள்ள நீதான்."

"எழுதுறேன் மாமா. ஆனா சந்தனம் நாந்தான் வைப்பேன்."

"அதுக்கென்னா, வையி. படிச்சாலும் மரியாத மறக்கல புள்ள," என்று தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

யசோதினிக்குத் தேவைப்பட்டது ஒரு வெடித்த முகம். மேடையில், துரைக்கு முன்னால், தோட்டமே பார்க்கிற ஒரு முகம். கேசினியின் களிம்பை நான்கு நாள் நிறுத்தினால் அந்த முகம் தானாக வந்துவிடும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. ஒருநாள் காலை டப்பாவைப் பெட்டிக்கடியில் தள்ளியும் வைத்தாள். பிள்ளை வந்து கன்னத்தைக் காட்டி, "சித்தி, மருந்து," என்று நின்றாள். யசோதினி டப்பாவை வெளியே எடுத்து, எப்போதும்போல ஈரம் காயுமுன் பூசிவிட்டாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள்.

பத்து வருஷமாகக் கற்றுக்கொண்டதையெல்லாம் அந்தக் கிழமை தலைகீழாகச் செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவுகிறவள் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். உடுப்புச் சவுக்காரத்தை நுரைக்கத் தேய்த்தாள். ஒற்றித் துடைக்கிற முகத்தைச் சாக்குத் துணிபோன்ற துவாயால் அழுத்தித் துடைத்தாள். களிம்பைத் தொடவில்லை. பருத்தித் துணிக்குப் பதிலாகக் கம்பளி மப்ளரைக் கன்னத்தோடு சுற்றிக்கொண்டு, விடியக்காலைக் குளிரில் பஸ்ஸுக்கு நின்றாள். வியாழக்கிழமை தோல் இழுத்தது. வெள்ளிக்கிழமை வெடித்தது. சனிக்கிழமை சிரிக்கவும் முடியவில்லை.

"பைத்தியமாடி ஒனக்கு? பவுடராவது போட்டுட்டுப் போ," என்றாள் பாக்கியலெட்சுமி.

"போட்டா மறைஞ்சிரும்."

கோயில் மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் துரை, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஜெயரட்ணம். யசோதினி ஏறியதும் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அவள் மடலை விரித்து நிதானமாக வாசித்தாள்.

"அருவருப்பு என்பதை அறியாமல், எங்கள் பிள்ளைகளைத் தொட்டுக் குணமாக்கிய கைகளே..."

"எந்தக் கையிடி அது?" என்று பின்னால் ஒரு குரல்.

"பென்சில் புடிச்ச கையி," என்று இன்னொன்று. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தமிழ் தெரியாத துரையும் சேர்ந்து சிரித்தார்.

வாசித்து முடித்துச் சந்தனத் தட்டை எடுத்தாள். வலது கையை விரித்து, எல்லோரும் பார்க்க, நீர் கசிந்த தன் கன்னத்தில் மெதுவாக வைத்து எடுத்தாள். அதே கையால் சந்தனத்தை அள்ளினாள்.

ஜெயரட்ணம் நாற்காலியோடு பின்வாங்கினார். "வேண்டாம் பிள்ளை. தட்டில வையும், நானே வைக்கிறன்."

"அது மரியாதை இல்லங்க ஐயா."

துரை புன்னகையோடு காத்திருந்தார். ஜெயரட்ணம் ஊசிக்கு நிற்கிற பிள்ளைபோலக் கண்ணை இறுக மூடினார். அவள் நெற்றியோடு விடவில்லை. இரண்டு கன்னத்திலும் இழுத்துப் பூசினாள். அவருடைய கை, துடைக்க லேஞ்சியைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது.

அவள் மைக்கைப் பிடித்தாள். "தொடைச்சிராதீங்க ஐயா. இது நீங்களே தொத்தும்னு துண்டு எழுதுன வியாதி. தொத்தும்னா தொடைங்க, எல்லாரும் பாக்கட்டும். தொத்தாதுன்னா எங்கக்கா மகளுக்கு அத எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒன்னு."

கை பையிலேயே நின்றது. துரை என்னவென்று சிங்களத்தில் கேட்டார். யசோதினி அதே சிங்களத்தில் துண்டையும் கடிதத்தையும் சொன்னாள். துரை திரும்பி ஜெயரட்ணத்தின் முகத்தைப் பார்த்தார்.

"தொத்தாது," என்றார் அவர், உதட்டுக்குள்.

"மைக்குல சொல்லச் சொல்லு, பின்னுக்குக் கேக்கல," என்று கத்தியது பாக்கியலெட்சுமி.

மைக்கிலும் சொன்னார். நிகழ்ச்சிநிரல் தாளின் முதுகில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அடுத்த ஒரு மணிநேரப் பேச்சுகளுக்கு, சந்தனம் காய்ந்து உதிர உதிர, துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்தபோது படியில் அவளை மறித்தார்.

"நான் உனக்கு என்ன செய்தனான், பிள்ளை?"

அவள் வருஷத்தைச் சொன்னாள். ஊதா மருந்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவளைச் சுட்டது.

"எத்தினை பிள்ளையளுக்குப் பூசினன். ஆரெண்டு ஞாபகம் வைக்கிறது?"

"பேரு யசோதினிங்க ஐயா. இனி ஞாபகம் இருக்கும்."

திங்கட்கிழமை கேசினி காம்பராவுக்குப் போனாள். அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு யசோதினி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து வந்த பாக்கியலெட்சுமி கையைக் கழுவிக்கொண்டு, தங்கச்சியின் ஈர முகத்தில் களிம்பை ஒற்றி ஒற்றி வைத்தாள்.

"எரியுதா?"

"எரியுது."

"ஏண்டி, அந்தாளு தொடைச்சிருந்தா என்னாடி பண்ணிருப்ப?"

"திரும்பப் பூசிருப்பேன்," என்றாள் யசோதினி.