லட்சத்துக்குள் இரண்டு கமா

காலையில் வேல்விழி கம்ப்யூட்டரில் பேக்கிங் ஷீட்டைத் திறந்தாள். மேல் கட்டத்தில் 'அனுப்பலாம்' அல்லது 'நிறுத்து' என்று இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மண்ணரை பனியன் கம்பெனியிலிருந்து லாரி கிளம்பும். இன்று அங்கே பிழைக்குறி நின்றது.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடிய நான்கு நாள் பாக்கி. அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அதற்குப் பிறகு மேனேஜர் மகுடேஸ்வரன் சொல்வார். அவர் இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கேட்டுல லாரி நிக்குது அம்மணி. கடைசியா இதைத் தொட்டது யாரு?"

"நான் ஆறு மணிக்கே மூடிட்டேன் சார். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்தது தானா கெட்டுப்போச்சாக்கும்?"

ஆபீஸ் முழுக்க ஒரே லாகின். யார் மாற்றினாலும் கம்பெனி பெயர்தான் காட்டும். வேல்விழியின் கண் எதிர் மேசைக்குப் போனது. ரித்தீஷ், முதலாளியின் அக்கா மகன். நேற்று அவள் கிளம்பும்போது அவன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தான். இந்த வேலைக்கு அவனுடைய தங்கை வரப்போவதாகச் செக்கிங் பெண்கள் பேசிக்கொண்டார்கள். இன்று ஏன் அவன் தலையை நிமிர்த்தவே இல்லை?

கட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்ததும் ஒரு செய்தி விரிந்தது. மகுடேஸ்வரன் குனிந்து படித்தார்.

"ஆர்கியுமென்ட் மூணுக்கு மேல ஆகாதாம், அஞ்சு இருக்குதாம். ஆர்கியுமென்ட்டுன்னா சண்டைதானே? கம்ப்யூட்டர்கிட்ட என்னத்த வாயாடினே நீயி?"

நாளுக்குப் பத்து வார்த்தை பேசாதவளைப் பார்த்து ரித்தீஷ் சிரித்தான். "நம்மகிட்டப் பேசாததையெல்லாம் அதுகிட்டப் பேசீருப்பாங்க சார்."

அவள் ஃபார்முலாவைத் திறந்தாள். ஒரு நிபந்தனை, ஆமென்றால் ஒரு பதில், இல்லையென்றால் ஒரு பதில். ஷீட் ஆர்கியுமென்ட் என்றது இந்தத் துண்டுகளைத்தான்; மூன்று போதும். விரல் வைத்து எண்ணினாள். பேக் ஆன பீஸ் 1-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று முதல் துண்டு கேட்டது. அடுத்த துண்டு 20. அதற்கடுத்தது 000. அப்புறம்தான் இரண்டு பதில்கள்.

1,20,000. நேற்று வரை அங்கே 110000 இருந்தது. புதிய எண்ணை யாரோ லட்சத்துக்குப் போடும் கமாவோடு அடித்திருக்கிறார்கள். கமா வந்த இடத்திலெல்லாம் ஷீட் எண்ணைத் துண்டு போட்டுவிட்டது.

ஆனால் ரித்தீஷ் கமாவே போடமாட்டான். அதற்காகத் தினமும் மேனேஜரிடம் திட்டு வாங்குகிறவன்.

அவள் திரும்பிச் சுவர்ப் பலகையில் நேற்று மாற்றி எழுதிய வரியைப் பார்த்தாள். 'ஆர்டர் 1,20,000 பீஸ்.' கமா இரண்டும் வால் நீண்டு தொங்கின. மேனேஜரின் கையெழுத்து.

இரண்டு கமாவையும் அழித்தாள். 'அனுப்பலாம்' என்று வந்தது.

"சரியாயிருச்சு சார். லட்சத்துல ரெண்டு கமா இருந்துச்சு. ஃபார்முலாவுல எண்ணுக்குள்ள கமா போடக்கூடாது."

"அதெப்புடி அம்மணி? ஊட்டுல இருந்து போன்ல அடிக்கறப்ப, கமா போடாம எத்தனை சைபர்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

சொன்னது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியது. சட்டைப்பையிலிருந்த போனைத் தடவிக்கொண்டார். "லாரிய உடச் சொல்றேன்" என்று வாசலுக்கு நடந்தார்.

"என்னையத்தானுங்க நெனச்சீங்க?" என்றான் ரித்தீஷ் மெதுவாக.

"ஆமா" என்றாள்.

வாசலிலிருந்து குரல் வந்தது. "அம்மணி, அடுத்த மாசத்துல இருந்து அந்தக் கட்டத்த நீ மட்டும் தொடு. என்னையும் உடாத."

அடுத்த மாசம் என்றாரே, அது நிஜமா, வாய்க்கு வந்ததா என்று வேல்விழி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.