குழிக்குள் பாடிய பாட்டு

செத்துப் பத்து மாதமான மனிதருக்கு, "உங்களைக் காணாமல் வாடுகிறோம்" என்று கடிதம் வந்தால், அதைப் படிக்கிற மனைவி என்ன செய்வாள்? அழுவாள், அல்லது போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். மூன்றாம் மாடிச் சிவப்புப் பேனா அதில் இரண்டு சந்திப்பிழை கண்டுபிடித்தாள். அதற்கப்புறம்தான் கீழே இருந்த பத்தியைப் படித்தாள்.

கடிதம் அனுப்பியது பாட்டுக் கேட்கிற செயலி ஒன்று. முப்பதாம் தேதி மாலை நான்கு மணியோடு கடையைச் சாத்துகிறார்களாம். சேர்த்து வைத்த பட்டியல், அவரவர் ஏற்றி வைத்த சொந்தப் பாட்டு எல்லாம் அன்றோடு அழிந்துபோகுமாம். இத்தனை காலம் தந்த ஆதரவுக்கு நன்றி. அன்றைக்குத் தேதி இருபத்தொன்று.

சிவப்புப் பேனா என்பது குடியிருப்பு வைத்த பெயர். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை அவளுக்கு. அச்சுக்குப் போகுமுன் பிழை பிடிக்க வேண்டும். பிடித்த பழக்கம் வாசலோடு நிற்குமா? குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒருமுறை, "நாளை தண்ணீர் வறாது" என்று எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த 'ற'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே ஒரு 'ர'. தண்ணீர் வராததைப் பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை, எழுத்து வராததுதான் இவர்களுக்குக் கவலை என்று அவர் மூன்று நாள் பொருமிக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் நாக்கில் ழகரம் கடைசிவரை குடிவரவே இல்லை. பழம் பளம்தான், கிழமை கிளமைதான். பேசுகிறபடியே எழுதுகிற நேர்மையும் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் யார் முடிச்சுப் போட்டார்கள் என்று எதிர்வீட்டு அக்காவைக் கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும். அக்கா பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது அவளுக்குத் தொழில்.

லிஃப்டில் போய்ச் சேருவார் என்று ஊரே நினைத்திருக்க, அவர் ஒரு காலை வேளையில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்றிலிருந்து குடியிருப்பில் ஒரு கிசுகிசு. யாரும் பொத்தான் அழுத்தாமலே லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறது, கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காத்திருக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது. உள்ளே ஆள் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. வேலையற்று நிற்கிற லிஃப்ட் எந்த மாடியில் போய் இளைப்பாற வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். மனுஷன் பெண்டாட்டி காத்திருக்கக் கூடாதென்று அதை மூன்றாம் மாடிக்குச் சொல்லிவைத்திருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அது வெறுமனே திறந்து நிற்கிற நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மாற்றி வைக்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி மாதாந்தரப் பராமரிப்புக்கு வந்தவன் அவருடைய கூட்டாளி நெட்டையன். சிவப்புப் பேனா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பேச்சோடு பேச்சாகச் செயலி மூடுகிற சேதியையும் சொன்னாள். அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப அண்ணன் பாட்டு என்னாகும் அண்ணி?"

"எந்தப் பாட்டு? அவரு கேக்கறதுதானே, பாடறது எங்க?"

"குழிக்குள்ள இறங்குனா பாடுவாரே. லிஃப்டுக்கு அடியில இருக்கில்ல, அந்தக் குழி. மேல பன்னெண்டு மாடிக்கு வெறும் இருட்டு. பாட்டு அதுவரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். ஒருநாள் போன்ல பதிஞ்சு, அந்தச் செயலியில ஏத்தியாச்சுடா, இனிமே பத்திரம்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், இருபது வருடமாகத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடம் அவர் முகம் மழித்துக்கொண்டே மழையைப் பற்றி ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பாட்டு வேகத்தில் ளகரமும் நழுவி 'மலை பெய்யுது' என்று வந்தது. சமையற்கட்டிலிருந்து இவள், "மலை பேஞ்சா ஊரு தாங்குமாங்க?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டு இல்லை. காதில் இரண்டு பொத்தானைச் செருகிக்கொண்டு ஊரார் பாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டு வினையாகும் என்பார்கள். வினை சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அவர் பாட்டுப் பதிந்த போன் எப்போதோ கை மாறிப் போய்விட்டது. இப்போது இருக்கிற ஒரே பிரதி அந்தச் செயலிக்குள். அவருடைய இந்தப் போனில் திறந்தால், "மீண்டும் வருக" என்று அவர் பெயரைச் சொல்லி வரவேற்கிறது. நாள் எட்டு.

உள்ளே அவர் ஏற்றி வைத்தது இரண்டாயிரத்து நானூறு பாட்டு. பழைய குறுந்தகடுகளிலிருந்து அள்ளிப்போட்டது. பாதிக்குப் பெயரே கிடையாது. தடம் ஒன்று, தடம் இரண்டு என்று சந்தையில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. தேடுகிற இடத்தில் அவள் 'குழி' என்று அடித்தாள். ஒன்றுமில்லை. 'லிஃப்ட்', 'என் பாட்டு', 'மழை', கடைசியில் தயங்கித் தயங்கித் தன் பெயர். ஒன்றுமில்லை. செல்போன் கடைக்காரரிடம் கொண்டுபோனாள். எல்லாப் பாட்டையும் மூட்டையாகக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருப்பதாகச் சொல்லி அழுத்திப் பார்த்தார். ஊரே கேட்கிறது, வரிசையில் இருபத்துமூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. "பொணம் எரிஞ்சப்புறம் வர்ற டாக்டர் மாதிரி," என்றார் கடைக்காரர். யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆகவே அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். பஸ்ஸில், அச்சகத்துப் படிக்கட்டில், சாப்பிடும்போது. ஒரு பாட்டுக்குப் பத்து நொடி. யார் யாரோ பாடினார்கள், அவர் இல்லை. செத்தவர் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டதையெல்லாம் கேட்கிற மாதிரி இருந்தது என்று பின்னால் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நடுநடுவே செயலி, "இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று அவருக்குப் புதுப் பாட்டுகளைச் சிபாரிசு செய்தது. அவருக்கு அவை பிடித்துத்தான் இருக்கும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இருபத்தெட்டாம் தேதி, அச்சகத்தில் ஒரு தங்கும் விடுதியின் விளம்பரம் மெய்ப்புக்கு வந்தது. "வெந்நீர் வசதியுடன் குழிக்கும் அறை" என்று அச்சுக் கோத்திருந்தார்கள். வழக்கமாக இதற்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும், மீன் மாட்டிய தூண்டில்காரர் மாதிரி. 'ழி'யை அடித்து ஓரத்தில் 'ளி' என்று எழுதினாள். எழுதின கை அப்படியே நின்றது. பக்கத்து மேசைக்காரர் மயக்கமோ என்று நினைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

அவருக்கு எங்கே குழி? அவருக்கு எல்லாமே குளிதான்.

போனை எடுத்தாள். இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் தெரிந்தே ஒரு பிழையை அவள் எழுதியதில்லை. விரல் ஒருமுறை பழக்கத்தில் 'ழி'க்குப் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். குளி.

ஒரே ஒரு பதில் வந்தது. *குளிக்குள் நான்.* நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. கீழே சின்ன எழுத்தில்: அறுபத்தொரு முறை கேட்கப்பட்டது.

அறுபத்தொரு முறை. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, காதில் பொத்தானைச் செருகிக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டிருக்கிறார் மனுஷன். அதில் எத்தனை முறை இவள், "என்னங்க, உங்களத்தான், கூப்பிடறது கேக்கலியா?" என்று தோளைத் தட்டியிருப்பாள்?

அழுத்தினாள். இரும்பு ஏணியில் பூட்ஸ் இறங்குகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு செருமல். அவருடையதுதான். உடனே நிறுத்திவிட்டாள். மீதியைக் கேட்கிற தைரியம் அச்சகத்தின் குழல் விளக்கடியில் அவளுக்கு வரவில்லை.

பாட்டு கிடைத்தது, ஆனால் கையோடு எடுத்து வர முடியவில்லை. செயலிக்குள் கேட்கலாம், வெளியே எடுக்க முடியாது. போனுக்குள்ளேயே பதிகிற வித்தையைக் கடைக்காரர் வேறொரு பாட்டை வைத்துச் செய்து பார்த்தார். மூன்று நிமிட மௌனம் பதிவானது. செயலி அதைத் தடுத்து வைத்திருக்கிறதாம். "பழைய வைத்தியந்தான்மா. இந்தப் போன்ல சத்தமா ஓட விடுங்க, பக்கத்துல இன்னொரு போன வெச்சுப் பதிஞ்சுக்கங்க. இருமாம இருக்கணும், அவ்வளவுதான்."

சொல்வதற்கு எளிது. அந்தக் குடியிருப்பில் ஐந்து நிமிடம் அமைதி என்பது, கோழிப் பண்ணையில் தியானம் செய்கிற கதை. மேலே ஒருவர் சுவரைத் துளைத்துக்கொண்டே இருப்பார். என்ன மாட்டுகிறார் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்கா வீடு வீடாகப் போனாள். விஷயத்தை யாரிடமும் சொல்லாதே என்று சிவப்புப் பேனா கேட்டுக்கொண்டதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் சொன்னாள். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. செயலாளர் கதவில் ஒட்டினார்: "இன்று மதியம் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் அணைவரும் அமைதி காக்கவும். லிஃப்ட் நிறுத்தப்படும்." சிவப்புப் பேனா கடைக்குப் போய்த் திரும்பும்போது அதைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் 'ணை'யைத் திருத்திவிட்டுத்தான் மேலே ஏறினாள்.

மூன்று மணி. ஜன்னல்கள் சாத்தியாயிற்று. மேசைமேல் மடித்த போர்வை, அதன்மேல் அவர் போன், ஒரு சாண் தள்ளி அக்காவின் போன். அக்கா சுவரோரமாகச் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது வாழ்நாளில் முதல் ஐந்து நிமிடம். கீழே செயலாளர் லிஃப்டை அணைத்தார். துளைக்கிறவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. நாற்பது வீட்டின் மூச்சும் அடங்கியபோதுதான் அந்தக் கட்டிடத்துக்கு எவ்வளவு பெரிய காது என்று தெரிந்தது.

ஏணியில் பூட்ஸ். செருமல். பிறகு பாட்டு.

அழகான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் குழியிலிருந்து கிளம்பி, பன்னிரண்டு மாடி இருட்டில் ஏறி, அங்கே எதையோ தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வந்த குரல் போனதைவிட வயதானதாக இருந்தது. ஒருத்தர் பாடுகிறார், மேலே இன்னொருத்தர் கொஞ்சம் பிந்திச் சேர்ந்துகொள்கிறார். சிவப்புப் பேனா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

இரண்டரை நிமிடம் போனபின் பாட்டு நடுவில் நின்றது. அவர் ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்தார். "மள." நிறுத்தம். "மல." நிறுத்தம். நாக்கை எங்கேயோ தூக்கி மடக்கித் தேடுகிற சத்தம். "மள." மேலேயிருந்து ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. அப்புறம் அவர், பக்கத்தில் இருப்பவளைக் கேட்கிற குரலில் கேட்டார்:

"சரியா?"

அந்தக் கேள்வியும் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. சரியா? பிறகு ஒன்றுமில்லை. இருட்டு மட்டும் இரைந்தது.

சரியில்லை. ஒரு மாத்திரைகூடச் சரியில்லை. அச்சகத்தில் இருபத்தைந்து வருடம் ஒரு கால்புள்ளியைத் தப்பவிடாதவள், நாற்பது வீட்டை வாயைக் கட்டச் சொன்னவள், வாய் திறந்தாள்.

"சரிங்க."

அக்காவின் முந்தானை கீழே விழுந்தது.

போனுக்குள் அவர், "ம்ஹூம்," என்றார். நம்பாதவர் சொல்கிற மாதிரி. திரும்ப ஆரம்பத்திலிருந்து பாட ஆரம்பித்தார்.

முடிந்தபோது மூன்று ஐந்து. அக்கா கையைத் தேய்த்துக்கொண்டாள். ரோமமெல்லாம் எழுந்து நின்றது. "ஏம்மா, கெடுத்துட்டியே. உன் குரலும் சேந்து பதிஞ்சிருக்கும். பரவால்ல, நாலு மணி வரைக்கும் இருக்கு. இன்னொரு தடவ எடுத்துரலாம், நான் போய் எல்லாரையும் உக்காத்தி வைக்கிறேன்."

"வேணாங்க்கா."

"ஏன்?"

"மறுபடி கேப்பாரு. நான் பேசாம உக்காந்திருக்கணும்."

அக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அக்கா எதுவும் கேட்காதது அந்தக் குடியிருப்பின் சரித்திரத்தில் குறித்து வைக்க வேண்டிய சங்கதி. இருவரும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து நான்கு மணிக்காகக் காத்திருந்தார்கள். நான்கு அடித்தபின் சிவப்புப் பேனா செயலியைத் தொட்டுப் பார்த்தாள். இந்த முறை அது அவர் பெயரைச் சொல்லவில்லை. வெள்ளைத் திரை, நடுவில் சுற்றுகிற ஒரு வட்டம்.

பதிவை அக்கா தன் போனிலிருந்து அவளுக்கு அனுப்பிவிட்டாள். அதோடு தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன் என்கிறாள், நம்புகிறவர்கள் நம்பலாம். ஏனென்றால் கீழ்வீட்டுக்காரிக்கு அந்த உரையாடல் வார்த்தை பிசகாமல் தெரிந்திருக்கிறது. ஆண் குரல் கேட்கிறது, பெண் குரல் சொல்கிறது, ஆண் குரல் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் மத்தியான வேளைகளில் அந்த வீட்டுச் சுவர் வழியாக அது கேட்கிறது. செயலாளர் படியேறுகிறபோது நின்று கேட்டாராம். அவள் பாட்டை ஓடவிடுவதாகத்தான் முதலில் நினைத்திருக்கிறார். சரியா என்றது. சரிங்க என்றது. ம்ஹூம் என்றது. அதற்குப் பிறகு, பதிவில் இல்லாத இடத்தில், இவள் குரல் கொஞ்சம் கோபமாகவே வந்ததாம்:

"சரின்னு சொல்றேன்ல."

செயலாளர் மீதிப் பதிலைக் கேட்க நிற்கவில்லை.