திரையா, காகிதமா?

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சலவைக் கடையின் அச்சுப்பொறி அன்றே கொடுக்கவேண்டிய துணிகளுக்கான நாற்பத்து மூன்று சீட்டுகளை அடித்துத் தள்ளியது. எல்லாவற்றிலும் தட்டு எண்ணுக்கு முன்னால் [31m என்று இருந்தது.

சீட்டில் முதலில் இருப்பதுதான் தட்டு எண் என்பது கடை வழக்கம். தேய்க்கிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். நாற்பத்து மூன்று பேரின் துணியையும் முப்பத்தொன்றாம் தட்டில் திணித்தார். அடங்காததைக் கீழே குவித்தார்.

“தங்கச்சி! உன் புரோகிராம் பண்ணின கூத்தை வந்து பாரு!” கடைக்கார அண்ணன் கத்தினான்.

அந்த நிரலை C மொழியில் அவள் எழுதி மூன்று நாள்தான் ஆகிறது. அன்றன்றே கொடுக்கவேண்டிய துணிகளின் எண் சிவப்பில் தெரியட்டும் என்று திங்கட்கிழமை ஒரு வரி சேர்த்திருந்தாள்.

“என் ஸ்கிரீன்ல சிவப்பா அழகாத்தானே வருது?”

“ஸ்கிரீனையா மடிச்சுக் குடுக்கறது? பன்னண்டு மணிக்குக் கூட்டம் வந்துடும். அதுக்குள்ள சரியாகலைன்னா, நாளையிலேர்ந்து பழையபடி நானே பேனால எழுதிக்கறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. கோளாறும் பிடிபட்டது. ‘சிவப்பாக்கு’ என்னும் குறியைத் திரை விழுங்கிவிடும். அச்சுப்பொறி அப்படியே கக்கிவிடும். ஆகவே எதிரே இருப்பது திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையம்தானா என்று கேட்டுவிட்டுத்தான் வண்ணம் பூசவேண்டும். அதைக் கேட்பதற்கென்றே isatty இருக்கிறது. isatty(0) என்று தட்டினாள்.

மறுபடியும் [31m.

“இன்னும் முப்பத்தொன்னுதாம்மா,” என்றார் தேய்க்கிறவர். “அங்க இனி ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்ல.”

அண்ணன் பேனாவைத் தேட ஆரம்பித்தான்.

அவள் அந்த வரியையே முறைத்துப் பார்த்தாள். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். பூஜ்யம் என்பது எழுத்து உள்ளே வரும் வழி. அங்கே அவள்தான் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். ‘ஆமாம், முனையம்தான்’ என்று பதில் வராமல் என்ன செய்யும்? கேட்கவேண்டியது வெளியே போகும் வழியை. அதன் எண் ஒன்று.

“யாரு வெளிய போறாங்கன்னு பாக்கச் சொன்னா, யாரு உள்ள வர்றாங்கன்னு பாத்துட்டு நின்னிருக்கேண்ணா!”

“விளக்கம் அப்புறம். முதல்ல திரும்பி நில்லு.”

பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். திரையில் எண்கள் சிவப்பாகவே இருந்தன. பதினொன்றே முக்காலுக்கு நாற்பத்து மூன்று சீட்டுகளும் வெறும் எண்களோடு சுத்தமாக வந்தன. துணிகளைப் பிரித்து அடுக்கப் பன்னிரண்டரை ஆனது. அதுவரை எட்டுப் பேர் காத்திருந்தார்கள். மறுநாளும் சீட்டுகளை நிரல்தான் அடித்தது.